தட்டச்சுப் பிரிவுக்கு விலக்கு

சென்னையிலிருந்து அதிகாரிகள் எங்கள் அலுவலகத்துக்கு வருவதென்றால் பௌர்ணமியன்றுதான் வருவார்கள். ஆய்வோ, தேர்வோ, ஆண்டுக் கூட்டமோ, எதுவானாலும் சரி. காலையில் வேலையை முடித்துக்கொண்டு, மதியம் சற்றுப் படுத்து எழுந்து, சாயங்காலம் மலையைச் சுற்றிவிட்டு, மறுநாள் அலுவலகக் காரிலேயே ஊர் திரும்பலாம். இதில் யாருக்கும் குறை தோன்றியதில்லை. புது வருடக் காலண்டர் வந்ததும் பௌர்ணமி தேதிகளைப் பென்சிலால் வட்டமிட்டு வைப்பது எங்கள் சூப்பிரண்டின் வழக்கம். அந்த வாரங்களில் மட்டும் கோப்பு அலமாரிகளைத் துடைப்போம்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேலூரில் நெட்வொர்க் பயிற்சியும் முடித்திருந்தேன். செங்கம் ரோட்டில் ஒரு கல்வி அறக்கட்டளையின் நிர்வாக அலுவலகம் அது. இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு நர்சிங் பள்ளி, ஒரு மாணவியர் விடுதி ஆகியவற்றின் காகிதங்களெல்லாம் அங்கேதான் வந்து சேரும். பத்தொன்பது கம்ப்யூட்டர்கள், ஒரு சர்வர். சர்வர் இருந்த அறை முன்பு எழுதுபொருள் வைக்கும் அறையாக இருந்தது. கார்பன் தாள் வாசனை போகவே இல்லை. பணி உத்தரவில் என் பதவிக்கு நீளமான பெயர் இருந்தது. எல்லோரும் என்னைக் 'கம்ப்யூட்டர் பொண்ணு' என்றார்கள். ஒப்பந்த வேலை. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள்.

பட்டியல் போட்டால்தான் எனக்கு வேலை ஓடும். எந்தக் கம்ப்யூட்டரில் எந்தச் சாவி தேய்ந்திருக்கிறது, எந்த மவுஸில் தூசி அடைகிறது என்பதுவரை நீள நோட்டில் எழுதி வைத்திருந்தேன். செய்து முடித்ததற்கு நேராகப் பச்சை மையில் டிக் போடுவேன். அந்த நோட்டைப் பார்த்தால் அலுவலகமே ஒழுங்காக இருப்பதாகத் தோன்றும்.

பிளஸ் டூ பரீட்சைகளுக்கு ஒரு மாதம் இருந்தபோது சென்னையிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. எல்லாக் கிளைகளிலும் கம்ப்யூட்டர்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட புரோகிராம்கள் மட்டுமே ஓட வேண்டும். திரையில் அறக்கட்டளையின் சின்னம் மட்டுமே இருக்க வேண்டும். அமைப்புகளை ஊழியர்கள் மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டும். இதற்காக ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் உட்கார வேண்டியதில்லை. சர்வரில் ஒரே ஒரு கோப்பில் விதிகளை எழுதி வைத்தால் போதும். காலையில் ஒருவர் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து நுழையும்போது, அவருடைய கம்ப்யூட்டர் அந்தக் கோப்பைப் படித்து, சொன்னபடி தன்னை மாற்றிக்கொள்ளும். பாலிசி என்று அதற்குப் பெயர்.

அட்டெண்டர் வந்து கேட்டார்: "ஏம்மா, எல்லாருக்கும் பாலிசி போடறியாமே. வயசு வரம்பு உண்டா?"

"உங்களுக்குக் கம்ப்யூட்டரே இல்லையேண்ணா."

"அதான பாத்தேன். நல்லதுன்னா நம்மகிட்ட வராதே."

முதல் சண்டை திரைப் படத்துக்காக வந்தது. பத்தொன்பதில் பதினான்கு கம்ப்யூட்டர்களில் மலைதான் இருந்தது. தீபத்தன்று எடுத்த மலை, மழையில் மலை, கோபுரத்துக்குப் பின்னால் மலை. விடுதிக் கணக்கு பார்க்கும் அம்மா மானிட்டரைப் போட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருவார்.

"மலைய எடுத்துட்டு சின்னத்த வெக்கறியா? காலைல நான் யார் மூஞ்சில முழிக்கறது?"

"ஜன்னலைத் திறந்தா நிஜ மலையே தெரியுதேம்மா."

"ஜன்னல்ல குரங்கு வருது."

அதைச் சிரித்துக் கடந்துவிட்டேன். அடுத்த வேலை, யார் எந்தப் புரோகிராமைப் பயன்படுத்துகிறார்கள் என்று பட்டியல் எடுப்பது. ஒரு வாரம் மேஜை மேஜையாகப் போனேன். எல்லோரும் மறைத்தார்கள். சீட்டாட்டத்தை யாரும் சொல்லவில்லை. சூப்பிரண்டு தன் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்கும் புரோகிராம் வைத்திருந்தார். மதிய உணவு நேரத்தில் பாதி அலுவலகம் அவர் மேஜையில்தான் இருக்கும். அதை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதினா சென்னைல பாப்பாங்களா?"

"பாப்பாங்க சார். லைசென்ஸ் நம்பர் கேப்பாங்க."

"அப்ப எழுதாத. எழுதாமலும் இருந்துடாத."

கடைசியாகத் தட்டச்சு மேஜை. அங்கே இருந்தவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நாற்பதைத் தாண்டியவர். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். பழைய டைப்ரைட்டரை எடுத்துவிட்டு அதே மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்திருந்தார்கள். சுற்றறிக்கை, விடுதி அறிவிப்பு, பெற்றோருக்குக் கடிதம் என்று தமிழில் வெளியே போகும் ஒவ்வொரு காகிதமும் அவர் விரலிலிருந்துதான் போகும். ஏழு வருடங்களாகத் தற்காலிக ஊழியர். கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டார். ஒரே மகள், பிளஸ் டூ.

அந்த மாதம்தான் இன்னொரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. ஐந்து வருடங்களுக்கு மேல் தற்காலிகமாக இருப்பவர்களுக்குத் தட்டச்சுத் தேர்வு வைத்து, தேறியவர்களை நிரந்தரம் ஆக்குவார்கள். நிரந்தர ஊழியரின் பிள்ளைக்கு எங்கள் நர்சிங் பள்ளியில் ஒரு இடம் உண்டு. சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்ததே அக்காதான்.

"அதுக்குன்னே பொறந்தவ பாப்பா எம் பொண்ணு," என்றார். "போன மாசம் ஆட்டுக்குக் கால் ஒடிஞ்சிச்சு. அவ கட்டு போட்டா பாரு, மாட்டு டாக்டரு வந்து இது யாரு போட்டதுன்னு கேக்கறாரு."

"நீங்க என்னக்கா புரோகிராம் வெச்சிருக்கீங்க?"

"நான் இன்னாத்த வெச்சிருக்கேன். டைப்பிங் மட்டும்தான்."

'டைப்பிங் – வேர்ட்' என்று எழுதி டிக் போட்டேன். ஆங்கிலத்தில் மட்டுமே தட்டச்சு செய்து பழகியவள் நான். ஆங்கில எழுத்துகள் பொறித்த அந்த விசைப்பலகையில் தமிழ் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அது தனிப் புரோகிராம். பழைய டைப்ரைட்டரின் விசை அமைப்பைக் கம்ப்யூட்டரில் தருவது. ஜாப் டைப்பிங் கடை ஒன்றிலிருந்து அக்கா ஃப்ளாப்பியில் வாங்கி வர, யாரோ போட்டுக் கொடுத்தது. அதைப் புரோகிராம் என்று அவர் நினைக்கவில்லை. டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாதிரி என்று நினைத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை மாலை பாலிசிக் கோப்பைச் சர்வரில் வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்தொன்பது திரைகளிலும் சின்னம் வந்தது. விடுதிக் கணக்கு அம்மா என்னோடு பேசவில்லை. பத்தே காலுக்கு அக்கா வந்து என் மேஜையருகே நின்றார்.

"பாப்பா, தமிழ் வரமாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். அவர் வழக்கமாகத் திறக்கும் சின்னப் படத்தைத் தொட்டதும் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது: இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள கட்டுப்பாடுகளால் இது நிறுத்தப்பட்டது, நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும். நிர்வாகி நான்தான். பட்டியலில் அந்தப் புரோகிராமைச் சேர்க்கலாம். ஆனால் பட்டியலைச் சென்னைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும், லைசென்ஸ் கேட்பார்கள், இதற்கு லைசென்ஸ் கிடையாது. திங்கட்கிழமை பத்து மணிக்குத் தேர்வு.

அதே நேரத்தில் சூப்பிரண்டும் வந்தார். அவருக்கும் ஜாதகம் திறக்கவில்லை.

"சென்னைக்குத் தெரியாம எதனா பண்ணும்மா. அந்தம்மாவுக்கும் பரீட்சை இருக்குல்ல?"

'அந்தம்மாவுக்கும்' என்றதில் அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டார். நான் பாலிசிக் கோப்பில் தட்டச்சுப் பிரிவு என்று ஒரு தனிக் குழு உண்டாக்கி, அக்காவையும் சூப்பிரண்டையும் அதில் சேர்த்தேன். அந்தக் குழுவுக்கு மட்டும் புரோகிராம் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு. பட்டியலில் எதுவும் மாறாது, சென்னைக்கும் போகாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பழைய முறையில் ஒவ்வொரு விதிக்கும் எதிரே ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதற்கு மூன்று நிலைகள். டிக் போட்டால் விதி அமலாகும். வெறுமையாக வெள்ளையாக விட்டால், ஏற்கெனவே அமலான விதியையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடும். மூன்றாவது சாம்பல் நிறம். சாம்பல் என்றால், இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று பொருள். பயிற்சியில் இதை நான் படித்திருக்கிறேன். தேர்விலும் எழுதியிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் சாம்பலில் விட்டேன். விலக்கு என்றால் ஒன்றும் சொல்லாமல் இருப்பது என்று மனத்தில் எண்ணியிருந்தேன் போலும். அக்காவின் கணக்கில் கட்டுப்பாடு காலையிலேயே பதிந்துவிட்டிருந்தது. கோப்பு இப்போது மௌனமாக இருந்ததால், பதிந்தது பதிந்தபடியே கிடந்தது.

சோதிக்காமல் விடவில்லை. சோதித்தேன். தட்டச்சுப் பிரிவில் புதிதாக ஒரு பெயரை உண்டாக்கி, என் கம்ப்யூட்டரில் நுழைந்து, அக்காவின் ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். தமிழ் வந்தது. புதிதாகப் பிறந்த பெயருக்கு முந்தைய கட்டுப்பாடு ஏதும் கிடையாது, அதனால் வந்தது. அக்காவின் மேஜையிலேயே பார்த்திருக்கலாம். அவர் நான்கு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார், சூப்பிரண்டும் கிளம்பியிருந்தார். அவருடைய பாஸ்வேர்டைக் கேட்டு வைத்திருக்கவில்லை. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறை. நோட்டில் 'தட்டச்சு மேஜை – சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிப் பச்சை மையில் டிக் போட்டேன்.

திங்கட்கிழமை பௌர்ணமி, காலை எட்டு மணிக்கே செங்கம் ரோட்டில் கூட்டம் தொடங்கிவிட்டது. தண்ணீர்ப் பந்தல் ஒலிபெருக்கி எங்கள் ஜன்னலுக்கு நேராக இருந்தது. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அக்கா அங்கிருந்து நடந்து, ஒன்பதுக்குள் வந்து சேர்ந்தார். நல்ல புடவை. தலையில் பூ. விரல்களை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். தேர்வு எழுதுபவர்கள் முன்கூட்டியே கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டதால், வராந்தாவில் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். அவரோடு இன்னும் இரண்டு பேர். அவர்கள் ஆங்கிலத் தட்டச்சு.

நான் அதிகாரிகளுக்குப் பிரிண்டரை இணைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குச் சற்று முன்னால் அக்கா கதவருகே வந்து மெல்லக் கூப்பிட்டார்.

"பாப்பா, ஒருவாட்டி என் சிஸ்டத்த வந்து பாத்துடறியா? வெள்ளிக்கிழமைலருந்து மனசு ஒரு மாதிரியா கீது."

"எல்லாம் சரியா இருக்குக்கா. நான் செக் பண்ணிட்டேன்."

"நீ செக் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். தைரியமா போங்க."

"நீ சொன்னா சரிதான்."

அவர் மேஜை அங்கிருந்து பன்னிரண்டு அடி இருக்கும்.

பத்தரைக்கு எமகண்டம் ஆரம்பம் என்பதால், பத்து மணிக்கே தொடங்கிப் பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும் என்று சூப்பிரண்டு அவசரப்படுத்தினார். அதிகாரிகளுக்கும் அது வசதியாக இருந்தது. மூவரையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அதிகாரிகளில் மூத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பிக்கச் சொன்னார்.

பக்கத்து அறையில் பிரிண்டரோடு நின்றிருந்தேன். இரண்டு விசைப்பலகைகளின் சத்தம் கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை. அக்கா தட்டுவது தனியாகத் தெரியும். டைப்ரைட்டரில் பழகியவர் என்பதால் ஓங்கித் தட்டுவார். அது வரவில்லை என்பதைக் கவனித்தேன். யோசித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். தட்டச்சில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு அதிகாரியின் குரல் கேட்டது. "என்னம்மா, ஓகே ஓகேன்னு அதையே அமுக்கிட்டிருக்கீங்க. டைப் பண்ணுங்க."

"தமிழ் வரல சார்."

"கம்ப்யூட்டர்ல பழக்கம் இருக்கா இல்லையா?"

"ஏழு வருஷமா இதே சீட்டுதான் சார்."

நான் உள்ளே போனபோது அந்த ஆங்கிலப் பெட்டி திரையில் இருந்தது. அக்கா அதை மூடிவிட்டு மறுபடி திறக்க முயன்று, மறுபடி அதே பெட்டி. ஏதோ நிரப்ப வேண்டுமே என்று தமிழ் விசைகளை அப்படியே தட்டியிருந்தார். திரையில் ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் மூன்று வரி நின்றன. பார்த்த மாத்திரத்தில் எனக்குச் சாம்பல் நிறச் சதுரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதை விளக்கிக்கொண்டிராமல் அதிகாரியிடம், "சார், இது சிஸ்டம் பிராப்ளம். அஞ்சு நிமிஷம் குடுத்தா சரி பண்ணிடறேன்," என்றேன்.

"நேரம் முடிஞ்சுதும்மா."

"சார், அவங்க மேல தப்பில்ல."

"ரெண்டு பேர் அதே மாதிரி சிஸ்டத்துலதான அடிச்சிருக்காங்க? டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டுதான். அடுத்த தடவ வெக்கும்போது எழுதட்டும்."

தாளில் அக்காவின் பெயருக்கு நேரே ஏதோ எழுதினார். நான் சர்வர் அறைக்குப் போய், சதுரத்தை வெள்ளையாக்கினேன். அக்காவின் கம்ப்யூட்டரில் மறுபடி நுழைந்தபோது தமிழ் வந்தது. அப்போது பத்து நாற்பது. அதிகாரிகள் டிபன் சாப்பிடப் போயிருந்தார்கள். மதியம் சூப்பிரண்டுக்கும் ஜாதகம் திறந்தது.

அவரிடம்தான் முதலில் சொன்னேன். தவறு என்னுடையது, எழுதிக் கொடுத்துவிடுகிறேன், மறுதேர்வு வைக்கச் சொல்லலாம் என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

"எழுதிக் குடு. எதுக்கு விலக்கு குடுத்தேன்னு கேப்பாங்க. லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேர்னு வரும். யாரு கொண்டாந்ததுன்னு வரும். அந்தம்மாதான் கொண்டாந்துது. இப்ப இருக்கற டெம்பரவரியும் போயிடும். உன் காண்ட்ராக்டும் போகும். சரின்னா எழுது."

தன் பெயரும் அந்தக் குழுவில் இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஐந்து குறிப்புகளாக எழுதி வைத்திருந்த கடிதத்தை நான் கொடுக்கவில்லை.

சென்னைக்கு எழுதாததற்குக் காரணம் இருந்தது. அக்காவிடம் சொல்லாததற்கு ஒரு காரணமும் இல்லை. அன்று மதியம் அவர் தண்ணீர்ப் பானையருகே நின்று எல்லோரிடமும், "நான்தான் பதட்டத்துல எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். விடுதிக் கணக்கு அம்மா அவர் தோளைத் தடவிக் கொடுத்தார். நான் பக்கத்தில் டம்ளரோடு நின்றிருந்தேன். இன்று வேண்டாம், நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். ஒரு வாரம் போனதும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்பதும் சேர்ந்துகொண்டது. அப்படியே நாட்கள் கூடின.

மே மாதம் அக்காவின் மகள் நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஊழியர் பிள்ளைகள் பட்டியலில் அவளுக்கு இடமில்லை. பொதுப் பட்டியலில் காத்திருப்போர் வரிசையில் பெயர் வந்தது. வரிசை நகரவில்லை. பட்டியலை அக்காதான் தட்டச்சு செய்தார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது நான். அவர் மகளின் பெயர் இருந்த தாளையும் மற்றத் தாள்களோடு சேர்த்து அடுக்கி, மூலையில் பின் குத்தினார்.

அதற்குப் பிறகு அவர் மகளைப் பற்றிப் பேசுவது குறைந்துபோனது. கேட்டால், "கடைக்குப் போறா," என்பார். அவ்வளவுதான்.

மறு வருடம் கோடையில் மீண்டும் தேர்வு வந்தது. சூப்பிரண்டு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். என் மேஜை வரை கேட்டது.

"வேணாம் சார். எனக்குப் பரீட்சைன்னா கை ஆடுது. ஒருவாட்டி அசிங்கப்பட்டது போதும்."

"நிரந்தரம் ஆனா நல்லதுதானம்மா?"

"அவளுக்காகத்தான் சார். அவ கடையில சேந்துட்டா. இப்ப எனக்கு எதுக்கு?"

அன்று நான்கு மணிக்கு அக்காவோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். சாம்பல் நிறச் சதுரத்திலிருந்து தொடங்கி, வரிசையாகச் சொன்னேன். வியாழன் என்ன செய்தேன், வெள்ளி என்ன செய்தேன், திங்கள் காலை அவர் கேட்டபோது ஏன் வந்து பார்க்கவில்லை, பிறகு யாரிடம் சொன்னேன், ஏன் எழுதவில்லை. நடுவில் இரண்டு பஸ்கள் போய்விட்டன. அவர் ஏறவில்லை.

"அப்ப நான் எதையும் தப்பா அமுக்கல?"

"இல்லக்கா. நீங்க எதை அமுக்கியிருந்தாலும் வந்திருக்காது."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாப்பா. சீட்டு போனா போவட்டும். எம் பொண்ணு எங்கூட சரியாப் பேசி ஒரு வருஷம் ஆவுது. ஒரு பட்டன் அமுக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு வேலைன்னு கேட்டா. நானும் இன்னா சொல்றது, நெசம்தான்னு இருந்துட்டேன்."

மூன்றாவது பஸ்ஸையும் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத நீ வந்து அவகிட்ட சொல்றியா? நான் சொன்னா நம்பமாட்டா."

ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். பஸ் நிலையத்தையடுத்து ஒரு மெடிக்கல் ஷாப். கவுண்டரில் அக்காவின் மகள் நின்றிருந்தாள். அம்மாவின் நெற்றி, அம்மாவின் விரல்கள். ஒரு பெரியவரின் மருந்துச் சீட்டைப் பார்த்து, அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது சாப்பாட்டுக்கு முன்னாடி. இது ராத்திரி மட்டும். போன தடவ மாதிரி ரெண்டையும் சேத்து முழுங்கிடாதீங்க தாத்தா."

"நீ சொன்னா சரி டாக்டரம்மா."

"டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. போங்க, வெயில் ஏறுது."

அவர் போனதும் என்னைப் பார்த்தாள். யாரென்று சொன்னேன். முகத்தில் எதுவும் மாறவில்லை. ஸ்டூல் ஒன்றைக் காட்டினாள். நான் நின்றுகொண்டே அக்காவிடம் சொன்ன வரிசையிலேயே அவளிடமும் சொன்னேன். இடையில் ஒருவர் தலைவலி மாத்திரைக்கு வந்தார், ஒருவர் குழந்தைக்குப் பால் பவுடர் கேட்டு வந்தார். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?" என்றாள்.

"ஆமா. ஆனா நடந்தது இதுதான்."

"போன வருஷம் அம்மா இன்னொருத்தங்கள அனுப்பினாங்க. பஸ்ல கூட வர்ற டீச்சர். பரீட்சை நேரத்துல கரண்ட் போயிடுச்சு, உங்கம்மா என்ன பண்ணுவாங்கன்னு சொன்னாங்க. கரண்ட் போனா மத்த ரெண்டு பேரு எப்படி அடிச்சாங்கன்னு கேட்டேன். அந்த டீச்சருக்குத் தெரியல." மாத்திரை அட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள். "நீங்க ஏதோ சதுரம், சாம்பல் கலருன்னு சொல்றீங்க. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நீங்க அங்க வேலை செய்றவங்க. அம்மாவ உங்களுக்குப் புடிக்கும். தெரியுது."

"நான் பொய் சொல்ல இவ்ளோ தூரம் வரல."

"பொய்யின்னு நான் சொல்லலக்கா. அப்படியே இருந்தா அன்னிக்கே வந்திருப்பீங்கல்ல?"

கவுண்டருக்குக் கீழேயிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். குடித்தேன். கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"அம்மா கேப்பாங்க. நான் நம்பிட்டேன்னு சொல்லிடுங்க. பாவம், இன்னும் யாரையாவது அனுப்பிகினே இருப்பாங்க."

திங்கட்கிழமை காலை அக்கா எனக்கு முன்னால் வந்து, அலுவலக வாசலில் நின்றிருந்தார்.

"போனியா? இன்னா சொன்னா?"

"நம்பிட்டேன்னு சொன்னாக்கா."

"அப்படியா?" அவர் என் முகத்தையே பார்த்தார். "வூட்ல ஒண்ணும் சொல்லலியே. நேத்தும் தட்ட எடுத்துகினு தனியாதான் உக்காந்தா." பிறகு அவரே, "கூச்சமா இருக்கும். பெரிய பொண்ணாயிட்டால்ல," என்றார். உள்ளே போய், மேஜையைத் துடைத்துவிட்டு, விடுதி அறிவிப்பைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். அவர் ஓங்கித் தட்டும் சத்தம் என் மேஜை வரை வந்தது.